ஓகஸ்ட்டில் நான்கு நாள்: கோட்டையும் வேணும், ஏரியும் வேணும், மாமிக்கு முழங்கால் வலி

சுபா_93 | 14 மே, இரவு 10:20

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் நடுவில் நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது. பாரிஸிலிருந்து காரில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட ஏலாது, இவருக்கு முதுகு வலி. பிள்ளைகள் இரண்டு பேர், 11 வயதும் 7 வயதும். மாமியும் வருகிறா. அவவுக்கு முழங்கால் வலி, படியைக் கண்டாலே பயம்.

வெர்சாய் பார்த்தாச்சு. லுவார் பக்கம் ஷம்போர், ஷெனோன்சோ, புளுவா எல்லாம் பார்த்தாச்சு. புளுவாவில் சின்னவன் சத்தமாகக் கேட்டான்: "அம்மா, இன்னும் எத்தனை கட்டில் பார்க்க வேணும்?" பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் விளங்கியிருந்தால் அவர்களும் தலையாட்டியிருப்பார்கள்.

கோட்டை மாதிரி ஒன்று, குளிக்க ஒரு ஏரி, பழைய ஊர் ஒன்றிரண்டு. சனம் குறைவான இடமாக யாராவது சொல்லுங்கோ.

ரோஜாவனம் | 14 மே, இரவு 11:02

லுவாரையே விட்டுவிடாதீர்கள் அக்கா. வில்லாந்திரிக்குப் போங்கள். அங்கே தோட்டம்தான் விசேஷம். முட்டைக்கோஸையும் பீட்ரூட் கீரையையும் கோலம் போட்டதுபோல் கட்டம் கட்டமாக நட்டு வைத்திருப்பார்கள். கட்டில் குறைவு :)

காரைக்கால் மைந்தன் | 15 மே, காலை 7:45

கட்டில் ஒன்றுகூட இல்லாத கோட்டை வேண்டுமென்றால் கெதெலோன் போங்கள். பர்கண்டியில் யோன் மாவட்டம், திரேன்யி என்ற சின்ன ஊருக்குப் பக்கத்துக் காடு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆனது.

அங்கே 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றை 1997இலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழுது பார்ப்பது இல்லை, புதிதாகக் கட்டுவது. கிரேன் கிடையாது, கரண்ட் கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல் அங்கேயே கிடைக்கிறது, அந்த இடமே பழைய கல்குவாரி. மரம் சுற்றியுள்ள ஓக் காட்டிலிருந்து. ஓடு, ஆணி, கயிறு, கூடை எல்லாம் அங்கேயே செய்கிறார்கள். காலில் மாட்டும் பாதுகாப்பு பூட்ஸும் கண்ணாடியும் மட்டும் நம் காலத்துச் சமாச்சாரம்.

போன வருடம் காரைக்காலிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துப் போனேன். அப்பா நாற்பது வருடம் கொத்தனார். அதற்கு முன் காட்டிய எதையும் அவர் மதிக்கவில்லை. எய்ஃபெல் கோபுரத்தடியில் நின்று "வெல்டிங் இல்லையே, ரிவெட்டா?" என்று கேட்டதோடு சரி. கெதெலோனில் நுழைந்ததும் ஆள் மாறிவிட்டார். ஒருவர் கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுப் போட்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று முக்கோணமாக இழுத்துப் பிடித்து மூலைமட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என் கையைத் தட்டி "பாருடா, நம்ம கணக்கு" என்றார். தூக்குக்குண்டும் அதே தூக்குக்குண்டுதான்.

சுவர் வைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், கேட்காமலே தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புச் சாந்தை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் புளிக்கணும்" என்றார். இதை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? "இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டுமாம்" என்று மொழிபெயர்த்தேன். அந்த மேஸ்திரி கோபப்படவில்லை. சுவரைத் தட்டிக் காட்டி, இது முழுசாக இறுகுவதற்கு இன்னும் எத்தனையோ வருடம் ஆகும், எங்களுக்கு அவசரமே இல்லை என்றார். அடுத்து கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்கச் சொன்னார் அப்பா. கடுக்காய்க்கு பிரெஞ்சு வார்த்தை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அந்தக் கேள்வி பாக்கி நிற்கிறது.

பிள்ளைகளுக்குப் பிடிப்பது சக்கரம். பெரிய மரச்சக்கரத்துக்குள் ஆள் நடப்பார், நடக்க நடக்கக் கயிறு சுற்றிப் பல நூறு கிலோ கல் மேலே ஏறும். அதை அணில் கூண்டு என்கிறார்கள். உங்கள் சின்னவன் அங்கேயே நின்றுவிடுவான்.

சந்தேகப் பேர்வழி | 15 மே, மதியம் 12:30

மைந்தன் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அது கோட்டையே இல்லை. அங்கே எந்த அரசனும் இருந்ததில்லை, எந்தச் சண்டையும் நடந்ததில்லை. 1997இல் பிறந்த கட்டடத்தைப் பாரம்பரியம் என்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. வேஷம் போட்ட தீம் பார்க். நிஜமான பழமை வேண்டுமென்றால் அதே பர்கண்டியில் குன்றின்மேல் பழைய ஆலயம் உள்ள வெஸலே இருக்கிறது, பிப்ராக்த் இருக்கிறது. கி.மு. 52இல், அன்றைய பிரான்ஸில் வாழ்ந்த கோல் மக்கள் வெர்சிஞ்செதொரிக்ஸைத் தலைவனாக ஏற்ற மலை பிப்ராக்த். அவனை அலேசியாவில் தோற்கடித்த சீசர், அந்தக் குளிர்காலத்தை அதே மலையில் கழித்தார். இன்றைக்கும் கோடையில் அங்கே அகழாய்வு நடக்கிறது. நின்று பார்க்கலாம்.

காரைக்கால் மைந்தன் | 15 மே, மாலை 6:10

பேர்வழி, பிப்ராக்த் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏழு வயசுப் பையனுக்கு அங்கே தெரிவது காடும், காட்டுக்குள் அரையடிச் சுவரும். மியூசியத்தைப் பார்த்துவிட்டு ஏறினால்தான் ஏதாவது புரியும்.

தீம் பார்க் விஷயத்துக்கு வருவோம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? பக்கத்திலிருக்கும் சேன் ஃபார்ஜோ மாளிகையை வாங்கிப் புதுப்பித்தவர் மிஷேல் கியோ. அந்தச் செங்கல் மாளிகையை ஆராய்ந்தபோது உள்ளே பழைய இடைக்காலக் கோட்டை ஒன்று புதைந்திருப்பது தெரிந்தது. அதைத் திரும்பக் கட்டிப் பார்த்தால் என்ன என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. புத்தகத்தில் இல்லாத கேள்விக்குக் கட்டித்தான் விடை கண்டுபிடிக்கிறார்கள். வளைவுக்குச் சாரம் எப்படி, ஓடு சுடும் சூளைக்கு எவ்வளவு விறகு என்று.

இன்னொன்று. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயம் எரிந்ததே, அந்தக் கூரையைத் திரும்ப ஓக் மரத்தில், கோடாலியால் செதுக்கித்தான் போட்டார்கள். அந்த வேலைக்குப் போன தச்சர்களில் கெதெலோனில் கை பழகியவர்களும் உண்டு. வேஷம் போட்டவர்களுக்கு நோத்ர்தாமில் வேலை கொடுத்திருப்பார்களா?

சந்தேகப் பேர்வழி | 15 மே, இரவு 8:55

நோத்ர்தாம் விஷயம் எனக்குத் தெரியாது. சரி, அரை மனசாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெஸலேயை விடச் சொல்லாதீர்கள்.

மதகடி | 16 மே, இரவு 9:40

கோட்டைச் சண்டை ஓய்ந்தது, நான் ஏரிக்கு வருகிறேன்.

அதே பர்கண்டியின் மொர்வான் பகுதியில் பெரிய ஏரிகள் ஐந்தாறு இருக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் இயற்கை என்று நினைப்பீர்கள். ஒன்றுகூட இயற்கை இல்லை, எல்லாமே அணை போட்டுத் தேக்கியவை. அதிலும் செத்தோன் ஏரியின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைத் தேக்கியது பாரிஸுக்கு விறகு அனுப்ப.

16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பாரிஸைச் சுற்றியிருந்த காடு போதாமல் போயிற்று. குளிர்காலத்தில் அத்தனை அடுப்புக்கும் விறகு வேண்டும். மொர்வானில் காடு இருந்தது, ஆனால் வண்டிப்பாதை இல்லை. ஆகவே விறகை ஆற்றில் போட்டார்கள். ஒவ்வொரு கட்டையின் முனையிலும் வியாபாரியின் முத்திரையைச் சுத்தியலால் அடித்து ஓடையில் தள்ளிவிடுவது, மேலே குளங்களின் மதகைத் திறந்து தண்ணீரை விட்டு அடித்துக்கொண்டு போகச் செய்வது. கீழே கிளம்சி ஊரில் கட்டைகளைப் பிடித்து, முத்திரை பார்த்துப் பிரித்து, எழுபது மீட்டருக்கு மேல் நீளமான தெப்பமாகக் கட்டுவார்கள். அதன்மேல் ஆள் நின்று கழி ஊன்றி யோன் ஆறு, அப்புறம் சேன் ஆறு என்று பாரிஸ் வரை போவது. விறகை இறக்கிவிட்டு நடந்தே ஊர் திரும்புவார்களாம். கிளம்சிப் பாலத்தில் அந்தத் தெப்பக்காரன் ஒருவனுக்குச் சிலையே இருக்கிறது.

செத்தோன் அணை அந்தத் தண்ணீர் வெள்ளத்துக்காக 1850களில் கருங்கல்லில் எழுப்பியது. கட்டி முடித்தபோது ரயில் வந்துவிட்டது, நிலக்கரியும் வந்துவிட்டது. தெப்பத்தொழில் மெல்லச் செத்தது. அணை மட்டும் நிற்கிறது. இப்போது சுமார் 360 ஹெக்டேர் தண்ணீரில் பெடல் படகு, பாய்மரப் படகு, கரையில் சிற்றுண்டிக் கடை. சுற்றிலும் பாதை உண்டு. தண்ணீர் கறுப்பாகத் தெரியும், அழுக்கு என்று பயப்பட வேண்டாம்.

பக்கத்தில் பன்சியேர் ஏரி, 520 ஹெக்டேர், மொர்வானில் மிகப் பெரியது. 1949இல் முடித்தார்கள். இது வேறு வேலைக்கு: பாரிஸில் வெள்ளம் வராமல் தடுக்க, கோடையில் சேன் ஆறு வற்றாமல் பார்க்க. அதனால் ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நிரப்பி, ஜூலையிலிருந்து திறந்துவிடுவார்கள். ஜூனில் போனால் தளும்பும். செப்டம்பர் கடைசியில் போனால் வெடித்த சேறும் பழைய மரத்தூர்களும்தான். நான் ஒருமுறை அக்டோபரில் குளிக்கும் துணியோடு போய் நின்ற கதையை இங்கே எழுத மாட்டேன்.

லிமோஜ் வாசி | 17 மே, காலை 10:15

நம்ம ஊர்ப் பக்கத்தை யாருமே சொல்லவில்லையே. தூரம் என்பதால் இந்த முறை உங்களுக்கு ஆகாது, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். லிமூசேனில் வசிவியேர் ஏரி, சுமார் ஆயிரம் ஹெக்டேர், நடுவில் தீவு. ரோஷுவார் ஊர் சுமார் 20 கோடி வருடத்துக்கு முன் விண்கல் விழுந்த இடத்தில் இருக்கிறது. அந்த மோதலில் உருகி நொறுங்கி ஒட்டிய கல்லை வெட்டித்தான் ஊரில் வீடு கட்டியிருக்கிறார்கள். ஷாலூஸ் கோட்டையை முற்றுகையிட்டபோதுதான் 1199இல் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டு தோளில் அம்பு பாய்ந்து, புண் அழுகிச் செத்தான். குடலை ஷாலூஸில் புதைத்தார்கள், இதயம் ருவானுக்குப் போயிற்று, உடல் ஃபோந்த்வ்ரோ மடத்தில். ஒரே ஆளுக்கு மூன்று ஊரில் கல்லறை.

ஒராதூர் சுர் கிளானும் இங்கேதான். 1944 ஜூன் 10 அன்று நாஜிப் படை ஊரையே அழித்த இடம். 640க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிந்த ஊரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். 7 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

கடலோடி | 17 மே, மாலை 5:30

ஒராதூருக்கு அம்மாவோடு போனேன். வீடுகளுக்குள் துருப்பிடித்த தையல் மெஷின்கள் அப்படியே இருக்கின்றன. அம்மா ஒரு வீட்டு வாசலில் கன நேரம் நின்றா. வரும் வழியில் ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வன்னியில் விட்டுவிட்டு வந்த தன் சிங்கர் மெஷினைப் பற்றி மட்டும் சொன்னா. லிமோஜ் வாசி சொல்வது சரி. பெரியவர்களுக்கும் முதலே சொல்லிவிட்டுத்தான் கூட்டிப் போக வேணும்.

சுபா_93 | 18 மே, இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. கடலோடி அண்ணா, மாமியைக் கேட்காமல் அங்கே கூட்டிப் போக மாட்டேன்.

கெதெலோன் முடிவு. செத்தோன் ஏரியையும் சேர்க்கலாமா? இவர் வரைபடத்தைப் பார்த்து "எல்லாம் பக்கம்தானே" என்கிறார். மாமி செவ்வாய், வெள்ளி மரக்கறி. அதற்கு என்ன செய்வது?

மதகடி | 18 மே, இரவு 10:50

பக்கம் இல்லை தங்கச்சி. கெதெலோனிலிருந்து செத்தோனுக்குக் கிராமத்துச் சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், வளைவுக்கு மேல் வளைவு. முதுகு வலிக்காரர் வண்டி ஓட்டினால் அப்புறம் அணையைக் குறை சொல்வார். நான்கு நாளில் இரண்டையும் அள்ள வேண்டாம். சேன் ஃபார்ஜோவைச் சுற்றியே தங்குங்கள். அங்கேயே பூர்தோன் ஏரி இருக்கிறது, பிரியார் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கத் தேக்கியது. 220 ஹெக்டேர். குளிக்க இடம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் போதும்.

அந்தக் கால்வாய் தனிக் கதை. நான்காம் ஹென்றி காலத்தில் தொடங்கி 1642இல் திறந்தார்கள். லுவார் ஆற்றையும் சேன் ஆற்றையும் இணைக்க வேண்டும், நடுவில் மேடு. மேட்டில் படகை எப்படி ஏற்றுவது? ரோன்யி ஊரில் ஏழு மதகுத் தொட்டிகளைப் படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினார்கள். படகு ஒவ்வொரு தொட்டியாக நிரம்பி ஏறும். 1887இல் வேறு வழி வெட்டிய பிறகு அது ஓய்வுபெற்றுவிட்டது. இப்போது பாசி படிந்த கல்லும் ஈரமும் மரநிழலுமாக நிற்கிறது. மாமி கீழே பெஞ்சில் உட்கார்ந்தே முழுதும் பார்க்கலாம்.

பிரியார் ஊரில் 1896இல் திறந்த நீர்ப்பாலம், 662 மீட்டர். கீழே லுவார் ஆறு ஓட, அதற்கு மேலே இரும்புத் தொட்டியில் கால்வாய் ஓடும், அதில் படகு போகும். இரண்டு பக்கமும் விளக்குத்தூண் வரிசையோடு நடைபாதை. ஒரு படிகூட இல்லாத சமதளம். முழங்காலுக்கு இதைவிட நல்ல பாரம்பரியச் சின்னம் பிரான்ஸில் இல்லை.

ரோஜாவனம் | 19 மே, காலை 8:20

சாப்பாட்டு விஷயம் என்னிடம் கேளுங்கள், பட்டுத் தெரிந்தது. கிராமத்தில் பகல் 12க்குப் போனால் சாப்பாடு, 2 மணிக்குப் போனால் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்களும் பல கடை திறக்காது. ஓகஸ்ட் 15 விடுமுறை, அதையும் கணக்கில் எடுங்கள். "மரக்கறி" என்றால் மேலே பன்றித் துண்டு தூவிய சாலட் வரும், ஹாம் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

எனவே அடுப்படி உள்ள ஜித் (விடுமுறை வாடகை வீடு) எடுங்கள். ரைஸ் குக்கரும் மிளகாய்த்தூளும் உங்களோடு வரட்டும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாங்கள் தங்கிய வீட்டில் கடுகு வெடித்த வேகத்தில் புகை அலாரம் அடித்து, எதிர்த் தோட்டத்துக் கிழவர் ஏணியோடு ஓடிவந்தார். வீட்டுக்காரர் அப்புறம் "வாசனை நீக்கும் கட்டணம்" என்று ஒன்று கேட்டார். கொடுக்கவில்லை.

சந்தேகப் பேர்வழி | 19 மே, மதியம் 1:15

வெஸலேக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 1146இல் பெர்னார் துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பேசிய குன்று. ஆலயம் இடிந்து விழும் நிலையில் இருந்தபோது, 1840இல் அதைத் தூக்கி நிறுத்தும் வேலையை வியொலே லெ துயூக் என்ற கட்டடக் கலைஞருக்குக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 26 வயது. உள்ளே தூண் தலைப்புகளைப் பாருங்கள். ஒன்றில் ஒருவர் திரிகையில் தானியம் கொட்டுகிறார், இன்னொருவர் கீழே மாவைச் சாக்கில் பிடிக்கிறார். கொட்டுபவர் மோசே, பிடிப்பவர் பவுல் என்பார்கள். ஜூன் கடைசியில் உச்சிவேளையில் ஜன்னல் வெளிச்சம் தரையில் நேர்கோடாகப் புள்ளி வைத்துக்கொண்டு போகும். நீங்கள் ஓகஸ்ட்டில் போவதால் அது கிடைக்காது.

தெரு ஏற்றம். மாமிக்கு மெல்ல.

சுபா_93 | 24 ஓகஸ்ட், இரவு 9:30

போய் வந்தாச்சு. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

கெதெலோனில் சனம் கூடத்தான், அதைச் சொல்லாமல் விட மாட்டேன். காலையில் கதவு திறக்கும்போதே போனபடியால் முதல் இரண்டு மணித்தியாலம் வடிவாகப் பார்த்தோம். பிறகு வரிசை. முதல் நாள் மழை பெய்ததால் சேறு, சின்னவனின் வெள்ளைச் சப்பாத்து இனி வெள்ளை இல்லை. அணில் கூண்டுக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் நின்றான். மகள் கொல்லன் பட்டறையை விட்டு வரவில்லை. கல் கொத்துபவரின் உளி மழுங்கியதும் கொல்லனிடம் வருகிறது, அவர் நெருப்பில் வைத்துத் தட்டிக் கூராக்கித் திருப்பிக் கொடுக்கிறார். அதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், ஒன்பது.

மாமி கோபுரம் பக்கமே போகவில்லை. கூடை பின்னுபவரிடம் போய் ஒரு மரக்குற்றியில் இருந்தவ இருந்தவதான். வடமராட்சியில் பனையோலையில் பெட்டி இழைத்த கை. அவர் காட்டுச் செடியின் மெல்லிய குச்சியில் பின்னுகிறார், மாமி ஓலையில் எப்படி மடிப்பது என்று கையாலேயே காட்டுறா. இவருக்கு பிரெஞ்சு தெரியும், அவருக்குத் தமிழ் தெரியாது, மாமிக்கு இரண்டு பேரும் தேவைப்படவில்லை.

சேன் ஃபார்ஜோ மாளிகை செங்கல் சிவப்பு, ஐந்து மூலை, தடித்த கோபுரங்கள். பதினான்காம் லூயியின் படைமீது பாரிஸின் பஸ்தி கோட்டையில் இருந்து பீரங்கி சுடச் சொன்ன அவனுடைய ஒன்றுவிட்ட அக்கா 1652இல் ஒளிந்துவந்த இடமாம். வந்தபோது முற்றத்தில் முழங்கால் உயரப் புல் என்று அவவே எழுதி வைத்திருக்கிறா. இங்கே கட்டில் இருந்தது. சின்னவன் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தான், அவ்வளவுதான்.

வெஸலேயில் மாமி பாதித் தெருவில் கோப்பிக் கடையில் இருந்துவிட்டா. பேர்வழி அண்ணா, அந்தத் திரிகைச் சிற்பத்தைப் படம் எடுத்துக் காட்டினேன். "மா சல்லடை போடாமல் பிடிக்கிறான்" என்றா.

பிரியார் பாலம்தான் எல்லோருக்கும் ஒரே மனதாகப் பிடித்தது. போய் வர 1,300 மீட்டருக்கு மேல், மாமி முழுதும் நடந்தா. நடுவில் நின்று கீழே ஆற்றையும் காலடியில் கால்வாயையும் மாறி மாறிப் பார்த்து, "தண்ணிக்கு மேலே தண்ணி" என்று இரண்டு தரம் சொன்னா.

மதகடி | 24 ஓகஸ்ட், இரவு 10:10

பூர்தோனில் தண்ணீர் எவ்வளவு இருந்தது?

சுபா_93 | 24 ஓகஸ்ட், இரவு 10:18

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போயிருந்தது அண்ணா. குளிக்கக் காணும்.

காரைக்கால் மைந்தன் | 25 ஓகஸ்ட், காலை 7:05

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்பது உளியா, எவ்வளவு நேரத்தில் என்று கேட்கச் சொல்கிறார்.

சுபா_93 | 25 ஓகஸ்ட், காலை 8:40

மகளைக் கேட்டேன். அப்பா வந்து "சாப்பிட வா" என்று கூப்பிடும்வரை என்கிறாள்.